பேரு சொல்லாத போட்டு

— நிறுத்துமே ஷம்ஷாத்து, அந்த மைக்கை. பன்னெண்டுக்கு ஒரு தபா ஓதுன, ஒண்ணுக்கு ஒரு தபா, இப்ப ரெண்டரைக்கு இன்னொரு தபா. இது காசிமேட்டு ஹார்பரா, எயவு வூடா?

— வாங்க பக்தவச்சலம் அண்ணே. உக்காருங்க. மைக்கை அணைச்சிட்டேன். இனிமே மூணு மணிக்குத் தான்.

— உக்கார வரலே. உன்னை நாலு கேள்வி கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். மீனவர் சங்கத்துல ரூமு குடுத்து, மைக்கு குடுத்து, ஒயர்லெஸ் செட்டு குடுத்து உன்னைக் குந்த வெச்சிக் கீறாங்களே, எதுக்கு? இன்னா படிச்ச இப்ப? திருப்பிப் படி.

— படிக்கிறேண்ணே. பொறுங்க, கண்ணாடி போட்டுக்கிறேன். "தென்மேற்கு வங்கக்கடலில் நிலவும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் வடமேற்குத் திசையில் நகர்ந்து வருகிறது. வட தமிழகக் கடலோரம், தெற்கு ஆந்திரக் கடலோரப் பகுதிகளில் இன்று மாலை முதல் மணிக்கு நாற்பத்தைந்து முதல் ஐம்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே அறுபத்தைந்து கிலோமீட்டர் வேகத்திலும் சூறைக்காற்று வீசக்கூடும். மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம். கடலில் இருப்பவர்கள் உடனே கரை திரும்பவும்."

— வீசக்கூடும்! தோடா! இந்தக் 'கூடும்'ன்ற வார்த்தையைக் கண்டுபுடிச்சவன் எவனோ, அவன் நல்லா இருக்கட்டும். காத்து வந்தாலும் அவன் மேல தப்பு இல்ல, வராட்டியும் தப்பு இல்ல. நான் போயி 'எறா கூடையில இருக்கக்கூடும்'ன்னு ஏலம் வுட்டா, எதிர்ல குந்திக்கினு கீற பொம்பளைங்க அந்தக் கூடையாலயே என்னை அடிப்பாளுங்க.

— எனக்கு வர்ற தாளைத் தாண்ணே நான் படிக்கிறேன்.

— அதைத் தாம்மே நானும் சொல்றேன். தாளைப் படிக்கிற, கடலைப் படிக்கிறியா? ஜன்னலாண்ட வந்து நில்லு. பாரு. கண்ணாடி கணக்கா கீது. ஒரு பொட்டு காத்து கீதா? கொடிக்கம்பத்துல கட்டுன துணி செத்த பாம்பு மாதிரி தொங்கிக்கினு கீது.

— காத்து இல்ல, சரி. ஆனா ஜெட்டியில கட்டிப்போட்ட போட்டுங்க ஒண்ணோட ஒண்ணு மோதிக்குதே, அந்தச் சத்தம் கேக்கலியா உங்களுக்கு? காத்தே இல்லாம காலையில இருந்து மோதுது. அலை நீட்டு நீட்டா வருதுண்ணே. எங்கயோ தூரத்துல கடல் கொதிச்சா தான் இப்படி வரும்னு நீங்க தானே ஒரு தபா டீக்கடையில சொன்னீங்க?

— ஐய, என் பாடத்தை என்னாண்டயே ஒப்பிக்கறியா? முப்பது வருசம் போட்டு ஓட்டுனவன் நானு. முட்டி மட்டும் போவலேன்னா இன்னைக்கும் ஓட்டுவேன். நீ இந்த ஃபேனு காத்தைத் தவிர வேற இன்னா காத்து பார்த்துக் கீற?

— பார்க்கலண்ணே. ஒத்துக்கிறேன். டீ குடிக்கிறீங்களா? பிளாஸ்குல இருக்கு, சூடு ஆறல.

— உன் டீயும் வாணாம், உன் தாளும் வாணாம். தாழ்வு மண்டலமாம். எனக்குத் தெரிஞ்சு மண்டலம்னா நாப்பத்தெட்டு நாளு மாலை போட்டுக்கினு கவுச்சி துன்னாம இருக்கறது. அதாவது மலையில போயி முடியும். இது எங்க போயி முடியும்னு அதுக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது.

— சரிண்ணே.

— இன்னா சரி? ஐப்பசியில இதே மாதிரி ஊளை வுட்ட. மூணு நாளு அறுநூறு போட்டு கரையில கட்டிக் கெடந்துச்சு. ஐஸு உருகி ஓடுச்சு. காத்து வந்துச்சா? ஒரு தும்மல் வந்துச்சா?

— அது கரைக்கு வரல. அந்தாண்ட கடல்லயே வடக்கே திரும்பிப் போயிடுச்சு.

— பாத்தியா! அதுக்கே வழி தெரியலே. அந்த மூணு நாளுல என் போட்டு மட்டும் போச்சு. கடலுக்குப் போவ டோக்கன் குடுக்கலே, அப்பவும் போச்சு. என் மாப்ள செங்குட்டுவன் உன் புயல் கூண்டுக்கும் பயப்பட மாட்டான், உன் மைக்குக்கும் பயப்பட மாட்டான். சிங்கம்மே அவன். ஊரே கயிறு கட்டிக்கினு குந்திக் கீறப்ப ஒத்தை ஆளா போவான். ஆடியில ஒரு தபா, ஆவணியில ஒரு தபா, ஐப்பசியில ஒண்ணு, போன மாசம் ஒண்ணு. நாலு தபா நீ வேணாம்னு சொன்ன, நாலு தபா போனான். நாலு தபாவும் ஒரு கீறல் இல்லாம கரை வந்தான். இதுக்கு இன்னா சொல்ற?

— பத்திரமா வந்தாங்கல்ல, அது போதும்ணே.

— நைசா பேசாத. பதிலு சொல்லு. நீ சொல்றது நெசம்னா அந்த நாலு தபாவும் போட்டு முயுகி இருக்கணும். முயுகலே. அப்ப யாரு பொய்யி?

— நான் மைக்குல பொய் சொல்ல மாட்டேண்ணே. வேற எது சொல்லித் திட்டினாலும் சரி, அதை மட்டும் சொல்லாதீங்க. தாளுல இருக்கறதுக்கு மேல ஒரு வார்த்தை சேக்க மாட்டேன், ஒரு வார்த்தை கொறைக்க மாட்டேன். மேல ஒருத்தன் கேட்டுட்டு இருக்கான்.

— மேல இருக்கறவன் கேக்கறானோ இன்னாவோ, கீழ ஒருத்தனும் கேக்கறதில்ல. உன் பேச்சைக் கேட்டு எவனாவது ஒருத்தன், ஒரே ஒருத்தன், திரும்பி வந்துக் கீறானா? பேரு சொல்லு பாப்போம்.

— திரும்பி வந்தவங்க அதை வெளிய சொல்லிக்க மாட்டாங்கண்ணே.

— சொல்லிக்க எவனும் இல்லேன்னு சொல்லு. நாலு தபா போயி வந்த போட்டுல ஒரு கோளாறும் இல்ல, அந்தப் பாழாப்போன டீசல் பம்பைத் தவிர. அது ஒண்ணு தான் எனக்கு சனியன். நல்லா ஓடிக்கினு இருக்கற போட்டு, நடுக்கடல்ல மூச்சு வாங்குதாம். அத்னான்னு ஒரு மெக்கானிக்கு கீறானே, அவன் நாலு தபா பிரிச்சான், நாலு தபா மாட்டுனான். 'பம்புல ஒண்ணுமே இல்ல பெரியவரே, புதுசு மாதிரி கீது'ன்றான். கோளாறே தெரியாதவன் எல்லாம் ஸ்பேனரு புடிச்சா இப்படித் தான். நீ ஒரு டுபாக்கூரு, அவன் ஒரு டுபாக்கூரு.

— அத்னான் நல்ல மெக்கானிக்குண்ணே. பாவம், அவரைத் திட்டாதீங்க.

— உன் ஆளுன்னதும் வக்காலத்து வாங்கறியா? வுடு. இன்னொரு கூத்து கேக்கணும். ஒயர்லெஸ்ல கடல்ல கீற போட்டுங்களை ஒண்ணொண்ணா பேரு சொல்லிக் கூப்பிடற. சரி, கூப்பிடு. அல்லாத்தையும் கூப்ட்டு முடிச்சிட்டு, கடைசில கொரலை ஒரு மாதிரி வெச்சிக்கினு, 'பேரு சொல்லாத போட்டே, நீயும் திரும்பி வா'ன்னு சொல்றியே. அது இன்னாமே?

— அது... அது ஒரு போட்டுண்ணே.

— எந்தப் போட்டு? பேயி ஓட்டற போட்டா? ஜெட்டியில செட்டு வெச்சிருக்கற அத்தினி பேரும் அதைக் கேட்டு வயித்தைப் புடிச்சிக்கினு சிரிக்கிறான். அதுல ஒருத்தன், லூயிஸு, உன்னை மாதிரியே பேசிக் காட்டறான், முக்காடு கூட போட்டுக்கினு. நான் தான் டீ வாங்கிக் குடுத்து இன்னொரு தபா செய்யச் சொன்னேன்.

— சிரிச்சா சிரிக்கட்டும். சிரிக்கறவங்க காதுல வார்த்தை வுழுந்தா சரி.

— நான் சொல்லட்டா அது யாருன்னு? செத்துப்போன உன் வூட்டுக்காரரு கமாலுதீனைத் தானே கூப்பிடற? அவரு போன போட்டைத் தானே? ஒரு பொம்பளை அயுதுக்கினு மைக்கு புடிச்சா ஊருக்கு இன்னா ஆவும்? அதான் உனக்கு எந்தக் கடலைப் பார்த்தாலும் சூறைக்காத்தாவே தெரியுது.

— அவர் கடல்ல போகலண்ணே. எண்ணூர் ரோட்டுல கன்டெய்னர் லாரியில போனாரு. சைக்கிள்ல வந்துட்டு இருந்தாரு, பட்டப்பகல்ல.

— ...ரோட்டுலயா?

— ஆமா. கடல் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. அந்த ரோட்டுக்கு யாரும் முன்னாடியே மைக்குல சொல்லல, அவ்ளோ தான். சொல்லி இருந்தா அவர் கேட்டிருப்பாரு. சொன்னா கேக்கற மனுசன் அவரு.

— அது... எனக்குத் தெரியாது. போட்டுல ஆளா போய்க்கினு இருந்தாரேன்னு நெனச்சேன்.

— பரவால்லண்ணே. டீ?

— வாணாம்னேன்ல. பேச்சை மாத்தாத. போன வருசம் நீ செஞ்சதை நான் மறந்துட்டேன்னு நெனச்சிக்கினியா?

— இல்லண்ணே. நானும் மறக்கல.

— கார்த்திகை மாசம். இதே மாதிரி மய இல்ல, காத்து இல்ல. நீ இன்னா செஞ்ச? ஹார்பரு பூரா கேக்கற ஸ்பீக்கருல, 'எழில்மொழி, எழில்மொழி, உடனே கரை திரும்பவும்'ன்னு மூணு தபா கத்துன. போட்டுக்கு எழில்மொழின்னு பேரு வெச்சது நானு. அது என் பொண்ணு பேரு. என் பொண்ணு வவுத்துல எட்டு மாசத்தோட மீன் மார்க்கெட்டுல நின்னுக்கினு கீறா. அவ புருசன் ஓட்டற போட்டு. பக்கத்துல இருந்தவ ஒருத்தி, 'ஐயோ, உன் வூட்டுப் போட்டுக்கு இன்னாவோ ஆயிடுச்சிடி'ன்னா. அவ்ளோ தான். ஐஸ் தண்ணியில வயுக்கி வுழுந்தா.

— தெரியும்ணே.

— இன்னா தெரியும்? ஆஸ்பத்திரியில கண்ணாடிப் பொட்டிக்குள்ள பதினேழு நாளு வெச்சாங்க அந்தக் கொயந்தைய. ஒரு கை அகலம் கூட இல்ல. போட்டு அன்னைக்கு சாயங்காலமே பொறுமையா வந்து நின்னுச்சு, கடல்ல ஒரு இழவும் இல்ல. அப்பத் தான் இந்த மேசையைக் குத்தி உன்னாண்ட சொன்னேன், என் போட்டு பேரு இனிமே உன் வாயில வரக் கூடாதுன்னு.

— வரலியேண்ணே. அன்னைக்கு வாக்கு குடுத்தேன். அதுல இருந்து இந்த மைக்குலயும் சொல்லல, இந்த செட்டுலயும் சொல்லல. வெளி ஸ்பீக்கருல எந்தப் போட்டுப் பேரையும் படிக்கறதையே வுட்டுட்டேன். பேரெல்லாம் ஒயர்லெஸ்ல மட்டும் தான். பேத்தி இப்ப எப்படி இருக்கா?

— நடக்கறா. எதைப் புடிச்சிக்கினாலும் நடந்துடறா. அது உனக்கு எதுக்கு?

— ஒவ்வொரு தொழுகையிலயும் அவளுக்காகக் கேக்கறேன். அதுக்குத் தான்.

— ...உன் வேலையைப் பாரு. நான் வந்ததே இதைக் காட்டத் தான். இந்தா, என் போனு. மொஹ்சின் செல்போன் கடையில குடுத்து ஒண்ணு ஏத்தி வாங்கினேன். வெளிநாட்டு ஆப்பு. கப்பலுங்க எல்லாம் இதைத் தான் பார்க்குதாம். உன் தாளு மாதிரி இல்ல, கோடு கோடா, கலரு கலரா காத்து எங்க ஓடுதுன்னு காட்டுது. பாரு, இன்னைக்கு ராத்திரி நெல்லூருக்கு நேரா இன்னா போட்டுக் கீது?

— முப்பத்தஞ்சு.

— ஆங்! முப்பத்தஞ்சு! நீ இன்னா படிச்ச? அறுபத்தஞ்சு. பாதிக்குப் பாதி பொய்யி! முப்பத்தஞ்சுன்னா அது காத்தாமே? அது விசிறி. என் போட்டுக்கு அது வியர்வை ஆத்தற காத்து. இதைப் பாத்துட்டுத் தான் நான்...

— நீங்க?

— ஒண்ணுமில்ல. இதைப் பாத்துட்டுத் தான் உன்னாண்ட கேக்க வந்தேன்னு சொல்ல வந்தேன்.

— அண்ணே, போனைக் குடுங்க. இந்த முப்பத்தஞ்சுக்குப் பக்கத்துல சின்னதா இங்கிலீஷுல ரெண்டு எழுத்து இருக்கு. பார்த்தீங்களா?

— அது இன்னா எழவோ. எனக்குக் கண்ணு தெரியலே.

— இது கிலோமீட்டர் இல்லண்ணே. நாட்டு, கடல் மைல் கணக்கு.

— நாட்டா? இன்னாமே ஒளர்ற? நாட்டுன்னா போட்டு ஓடற வேகம். என் போட்டுல ஜி.பி.எஸ்.ஸு கீது, எனக்குத் தெரியாதா? காத்துக்கு ஏது நாட்டு?

— கப்பல்காரங்க காத்தையும் நாட்டுல தான் சொல்லுவாங்க. இது அவங்க பார்க்கறதுன்னு நீங்களே சொன்னீங்களே. ஒரு நாட்டுன்னா கிட்டத்தட்ட ரெண்டு கிலோமீட்டர். முப்பத்தஞ்சு நாட்டுன்னா அறுபத்தஞ்சு கிலோமீட்டர். உங்க போனும் என் தாளும் ஒண்ணைத் தாண்ணே சொல்லுது.

— இல்ல.

— கணக்குப் போட்டுக் காட்டட்டுமா?

— வாணாம். இரு. கம்முனு இரு. நம்ம போட்டு... முட்டிக்கினு ஓடுனாலும் எட்டு நாட்டு. வலை தண்ணியில இருந்தா மூணு. முப்பத்தஞ்சு நாட்டுல காத்து... அதுவும் வாடைக் காத்து, பக்கவாட்டுல... அங்காளம்மா.

— அண்ணே, உக்காருங்க. இப்பவாவது உக்காருங்க.

— உக்காந்துட்டேன், வுடு.

— எப்பப் போனாங்க?

— யாரு? யாரும் போவலே. போட்டு ஜெட்டியில கட்டிக் கீது.

— அண்ணே.

— கட்டிக் கீதுன்னு சொல்றேன்ல!

— உங்க போட்டு கட்டற எடம் என் ஜன்னலுக்கு நேரா இருக்குண்ணே. காலையில நான் வந்து கதவைத் தொறந்தப்பவே அங்க வெறும் டயரு தான் தொங்கிட்டு இருந்துச்சு.

— ...நாலு மணிக்கு. விடியறதுக்கு முன்ன. டோக்கன் குடுக்கற எடத்துல ஆளு வர்றதுக்குள்ள. செங்குட்டுவனும் ஆளுங்க அஞ்சு பேரும்.

— அல்லாவே.

— அவன் கேட்டான். 'மாமா, தாளுல அறுபத்தஞ்சு போட்டிருக்காங்களாம்'ன்னான். நான் தான் இந்தப் போனை அவன் மூஞ்சாண்ட நீட்டி, 'முப்பத்தஞ்சு தாண்டா, அந்த மைக்கு பொம்பளை பேச்சைக் கேட்டுக்கினு நீயும் பொடவை கட்டிக்கப் போறியா'ன்னு கேட்டேன். தலைய ஆட்டிக்கினு போயிட்டான். எப்பயும் அப்படித் தான், எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டான். அதான் எனக்கு அவனைப் புடிக்கும்.

— போன்ல கூப்ட்டுப் பார்த்தீங்களா?

— எட்டு மணியில இருந்து கூப்பிடறேன். சிக்னலு ஏது அவ்ளோ தூரம்? பன்னெண்டு மணிக்கு ஜெட்டியாண்ட வந்தேன். கால் அப்படியே இங்கயே சுத்துது. நீ ஒவ்வொரு தபா அறுபத்தஞ்சுன்னு சொல்றப்பயும் எனக்கு இங்க குத்துது. உன் வாயை அடைச்சா சரியாயிடும்னு வந்தேன்.

— டீ குடிங்க. ரெண்டு கையாலயும் புடிச்சிக்கோங்க. ஆங்.

— நீ... பன்னெண்டு மணிக்கு ஒயர்லெஸ்ல கூப்ட்டியே, யாரு யாரு பதிலு குடுத்தாங்க?

— வெளிய ஏழு போட்டு இருந்துச்சுண்ணே. ஆறு போட்டு நாலஞ்சு நாளு முன்னாடி போனது. அவங்க ஆறு பேரும் பதில் குடுத்துட்டாங்க. திரும்பிட்டு இருக்காங்க.

— ஏயாவது?

— பதில் வரல.

— ஏயாவது எந்தப் போட்டு?

— அதைத் தான் நான் சொல்லக் கூடாதே அண்ணே. மைக்குக்கும் செட்டுக்கும் முன்னாடி உக்காந்துட்டு அந்தப் பேரை எப்படிச் சொல்லுவேன்? நீங்க தானே இந்த மேசையைக் குத்தி வேணாம்னு சொன்னீங்க?

— இன்னாமே சொல்ற? அப்ப... அந்தப் பேரு சொல்லாத போட்டு...

— உங்க போட்டு தாண்ணே. ஒரு வருசமா அது உங்க போட்டு தான். பேரைச் சொன்னா குடுத்த வாக்கு போயிடும். சொல்லாம வுட்டா ஆறு பேரு உசுரு. ரெண்டையும் எப்படிக் காப்பாத்தறதுன்னு மூணு நாளு தூங்காம யோசிச்சேன். அப்புறம் இப்படிக் கூப்ட்டேன். ஊர் சிரிச்சுது. சிரிக்கட்டும்னு வுட்டுட்டேன்.

— ஜெட்டியில நான் தான் மொதல்ல சிரிச்சேன். லூயிஸுக்கு டீ வாங்கிக் குடுத்து...

— சொன்னீங்களே. ஒரு டீ அவருக்கு லாபம்.

— இப்பக் கூட சிரிக்கறியே, நீ எந்த மண்ணுல செஞ்ச பொம்பளைம்மா? மணி இன்னா?

— மூணாகப் போவுது. நாலு நிமிசம் இருக்கு.

— நாலு நிமிசம் எல்லாம் வாணாம். இப்பவே கூப்பிடு. பேரு சொல்லியே கூப்பிடு. எழில்மொழின்னு கூப்பிடு. நான் குத்துனது தப்பு. வாக்கை நான் திருப்பி வாங்கிக்கறேன். கூப்பிடும்மா.

— வெளி ஸ்பீக்கர் அணைச்சிருக்கான்னு பாருங்க. அந்தச் சிவப்பு சுவிட்சு. உங்க பொண்ணு மார்க்கெட்டுல இருப்பா.

— அணைச்சிக் கீது. அணைச்சிக் கீது. கூப்பிடு.

— பிஸ்மில்லாஹ். எழில்மொழி, எழில்மொழி, எழில்மொழி. காசிமேடு சங்கத்துல இருந்து பேசறேன். கேக்குதா? எங்க இருக்கீங்க? ஓவர்.

— ...

— எழில்மொழி, எழில்மொழி. காசிமேடு பேசறேன். மாலையில இருந்து சூறைக்காத்து. உடனே கரை திரும்புங்க. கேட்டா ஒரு வார்த்தை பதில் குடுங்க. ஓவர்.

— வெறும் இரைச்சலு தான் வருது. இன்னொரு தபா.

— எழில்மொழி, எழில்மொழி, கேக்குதா? ஓவர்.

— ஷம்ஷாத்து, அந்தக் கொயந்தைக்கு ஒரு வயசு தாம்மா. அவனைப் பாத்தா தான் அது சோறு துன்னும். அவன் தோள்ல குந்திக்கினு தான் துன்னும். நான் இன்னா சொல்லுவேன் அதாண்ட? முப்பத்தஞ்சுன்னு நெனச்சேன்னா?

— பொறுங்கண்ணே. அழாதீங்க. ஒண்ணு செஞ்சு பார்க்கறேன். ஒரு வருசமா எப்படிக் கூப்ட்டேனோ அப்படியே கூப்பிடறேன். அவங்க காதுக்குப் பழகுனது அது தான்.

— எப்படியாவது கூப்பிடு.

— பேரு சொல்லாத போட்டே, பேரு சொல்லாத போட்டே, நீயும் திரும்பி வா. ஓவர்.

— ...

— பேரு சொல்லாத போட்டே, நீயும் திரும்பி வா. உனக்காகக் கரையில ஆளு நிக்குது. ஓவர்.

— அக்கா, பேரு சொல்லாத போட்டு பேசறேன். செங்குட்டுவன். கேக்குதா? ஓவர்.

— அல்ஹம்துலில்லாஹ்! கேக்குது தம்பி, நல்லா கேக்குது. எங்க இருக்கீங்க? ஆளுங்க எல்லாம் எப்படி இருக்காங்க? ஓவர்.

— ஆறு பேரும் சோக்கா கீறோம்க்கா. பன்னெண்டு மணிக்கு நீ கூப்ட்டப்பயே வலைய இழுத்துப் போட்டுக்கினு திரும்பிட்டோம். அப்பவே பதிலு குடுத்தேன், ரொம்பத் தூரம், உனக்கு எட்டலே போல. இப்ப காட்டுப்பள்ளி ஹார்பரு கிரேனுங்க கண்ணுக்குத் தெரியுது. இருட்டறதுக்குள்ள வந்துடுவோம். ஓவர்.

— இன்னா சொல்றான்? பன்னெண்டுக்கேவா? நான் சொல்லி அனுப்புனதை வுட்டுட்டு உன் கொரலுக்கா திரும்புனான்?

— ஷ்ஷ், மெதுவாண்ணே. செட்டுல வுழும்.

— அக்கா, வழக்கம் போல தான். மாமாவாண்ட டீசல் பம்பு கோளாறுன்னு சொல்லிடறேன். ஆடியில இருந்து இதோட அஞ்சாவது தபா. ஒவ்வொரு தபாவும் உன் கூப்பாடு கேட்டதும் திரும்பிடறோம், வந்து பம்பு மேல பழி போடறோம். பாவம், அத்னான் பாய் தான் திட்டு வாங்குவாரு, அவருக்கு ரெண்டு கிலோ எறா எடுத்து வெச்சிக் கீறேன். நீ மட்டும் வாயைத் தொறந்துடாதக்கா. அந்த மன்சன் என்னை சிங்கம் சிங்கம்னு ராயபுரம் பூரா சொல்லிக்கினு திரியறாரு. தெரிஞ்சா மனசு ஒடிஞ்சிடுவாரு. ஓவர்.

— அண்ணே... ஒரு சொட்டு தண்ணி தரட்டுமா? அண்ணே?

— அக்கா? இன்னா பேச்சே காணோம்? கொஞ்சம் முன்ன பேரு சொல்லிக் கூப்ட்ட. நீ எப்பயும் பேரு சொல்ல மாட்டியே, மாமா பக்கத்துல கீறாரோன்னு தான் கம்முனு இருந்தோம். சொல்லுக்கா, மாமா அங்க கீறாரா? ஓவர்.

— நான் என்னண்ணே சொல்லட்டும்? இதுல பொய் சொல்ல எனக்கு நாக்கு வராதே.

— நீ பொய் சொல்ல வாணாம், ஷம்ஷாத்தும்மா. இரு, நான் இந்த வாசப்படியைத் தாண்டி அந்தாண்ட போயி நின்னுக்கறேன். அப்பால 'மாமா இங்க இல்ல'ன்னு சொல்லு.